இருமை

மணிக்கட்டில் ஒன்று, கட்டைவிரல் நகத்தில் ஒன்று,
சுட்டுவிரலில், முழங்கையில், தோள்மூட்டில்:
பட்டாணி அளவு வெள்ளிப் பொட்டுகள்.
ஒட்டுவதும் பிரிப்பதும்தான் என் வேலை.
யெர்னெய்க்கு ஒன்பது வயது. பசை பிடிக்காது.
அவனுக்கு ஒட்டுமுன் ஒவ்வொன்றையும்
என் கையில் ஒட்டிக் காட்டச் சொல்கிறான்.
ஆக, மரிபோர் நகரத்து இந்த இருட்டறையில்
பொட்டு வைத்த கைகள் இரண்டு.

மேசைமேல் கவிழ்ந்த கோப்பை.
நிமிர்த்தி வைக்க வேண்டும். அவ்வளவே.

நீங்களும் நானும் யோசிக்க மாட்டோம்.
போகும்போதே கை புரண்டுதான் போகும்,
கட்டைவிரல் தரையைப் பார்க்க.
முடிகிற இடம் சௌகரியமாய் இருக்கட்டும் என்று
தொடங்கும்போதே சிரமத்தை வாங்கிக்கொள்ளும்.
ஊருக்குக் கிளம்புமுன்னே
திரும்பி வர டிக்கெட் எடுத்துவிடுகிற கைகள் நம்முடையவை.

யெர்னெயின் கை ஒருவழி டிக்கெட்டில் போகிறது.
நேராகப் போய், நேராகப் பிடித்து,
அப்புறம்தான் திருப்பம் ஒன்று இருப்பது தெரிய வந்து
முழங்கை காக்கைச் சிறகாய் எழும்ப,
தோள் காதைத் தொட, நாக்கு வெளியே வர,
நிமிர்கிறது கோப்பை.

கண்ணாடிக்குப் பின்னால் முனைவர் ஸ்தென்கா குறித்துக்கொள்கிறார்.
அவர் திரையில் பையன் இல்லை. புள்ளிகள்.
மற்றப் பிள்ளைகளின் வேகக்கோடு ஒரே மலை,
ஏறி, இறங்கிவிடும்.
இவனுடையது ஐந்து குன்று,
ஜன்னலில் பொஹோர்யே தெரிவதுபோல.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது.
மணி அடித்தாயிற்று, கை கிளம்பவில்லை.
கண் போய்ச் சேர்ந்துவிட்டது,
முகம் பாதி வழி போய்விட்டது,
கை மட்டும் வீட்டுக்குள்
செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது.

ஏழாவது சுற்றில், விதியை மீறிக் கேட்டுவிட்டேன்:
ஏன் இவ்வளவு நேரம்?

'கிளம்பிக்கொண்டிருக்கிறோம்' என்றான்.

எங்கள் ஸ்லோவேனிய மொழியில் ஒருமை உண்டு, பன்மை உண்டு,
நடுவில், சரியாக இரண்டு பேருக்கென்று
இருமையும் உண்டு.
காதலர்கள் அதில்தான் பேசிக்கொள்வார்கள்.
வங்கிக் கடன் வாங்கிய தம்பதியும்.
அவன் சொன்னது இருமை.

முதலில் என்னைச் சேர்த்துக்கொண்டானோ என்று நினைத்தேன்,
என் கையிலும் பொட்டு இருந்ததே.
இல்லை. குனிந்து
தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
ஷூ கயிறு கட்டத் திணறும் தம்பிக்காக
படியில் நிற்கிற அண்ணனைப்போல,
கோபமில்லாமல்.

படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
எண்ணூற்று நாற்பது மில்லிவினாடி என்று எழுதினேன்.

அந்த வாரம் முழுக்க
வீட்டில் கோப்பையைக் கவிழ்த்துவைத்து
என் கை எந்த நொடியில் முடிவெடுக்கிறது என்று காத்திருந்தேன்.
பார்த்தால் நின்றுவிடுகிறது,
விளக்கைப் போட்டதும் உறையும் கரப்பான்போல.
பார்க்காவிட்டால் முடித்துவிடுகிறது.
நீலக் கோப்பை உடைந்தது.

கடைசி நாள் மாலை, மாடி ஜன்னல்.
கீழே நிறுத்தத்தில் அவன் அம்மா மதேயா
கையுறையை விரித்துப் பிடித்திருந்தாள்.
கட்டைவிரல் சுட்டுவிரலின் வீட்டுக்குள் நுழைந்தது,
வெளியே வந்தது,
மறுபடியும் அதே வீட்டுக்குள்.
பேருந்து வந்து, கதவைத் திறந்து,
கொஞ்சம் பொறுத்து, மூடிக்கொண்டது.
ஓட்டுநர் கையசைத்தார்,
மன்னிப்போ, பழக்கமோ.
பாலமேறி த்ராவா ஆற்றைத் தாண்டி
பின்விளக்கு மறைந்த பிறகு
யெர்னெய் கையைத் தூக்கினான்.
அசைத்தான்.
எத்தனை குன்று என்று இங்கிருந்து தெரியவில்லை.
பொட்டுகளை நானேதான் பிரித்தெடுத்திருந்தேன்.

என் மணிக்கட்டில் மட்டும் ஒன்று
இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.
நானும் கையைத் தூக்கலாமா என்று யோசித்தேன்.
அவர்கள் அடுத்த பேருந்தில்
ஏறிப் போனார்கள்.